கரி அள்ளியவர்களின் குளிர்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய 'கெய்ர்சோப்பா' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். கல்கத்தாவில் ஏற்றிய வெள்ளி நம்முடையதுதானே? ஏன் திருப்பிக் கேட்கவில்லை? உயிர்காப்புப் படகில் நம் ஆட்கள்தான் முதலில் இறந்தார்களாம். வெப்ப நாட்டு உடம்பு, பாவம், குளிர் தாங்கவில்லை.

செ., மும்பை

அன்புள்ள செ.,

வெள்ளிக்குப் போர்க்காலக் காப்பீட்டில் பிரிட்டன் அரசு பணம் கொடுத்துவிட்டது. கடலடியில் 4700 மீட்டர் ஆழத்திலிருந்து 2792 வெள்ளிக் கட்டிகளை எடுத்தாகிவிட்டது. அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

'வெப்ப நாட்டு உடம்பு' என்று எழுதினீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது இதை?

என் பெரியப்பா பினாங்கு போகிற கப்பலில் பயர்மேன், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். முழங்கை வரை தீப்பொறி பட்ட தழும்புகள், மீன் செதிள் மாதிரி. கொதிகலன் முன்னால் இடுப்புத் துணியோடுதான் நிற்போம், வேலை முடிந்து மேல்தளத்துக்கு வந்தால் வங்கக் கடல் காற்றே பல்லைக் கிட்டவைக்கும் என்பார். வங்கக் கடலுக்கே அப்படி! கெய்ர்சோப்பாவை ஜெர்மன் நீர்மூழ்கி யு-101 அடித்தது அயர்லாந்துக்குத் தென்மேற்கே, 1941 பிப்ரவரியில், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில். கரி தீர்ந்துகொண்டிருந்ததால் கான்வாயை, அதாவது பாதுகாப்போடு சேர்ந்து போகும் கப்பல் கூட்டத்தை, விட்டுத் தனியாக அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குத் திரும்பிய கப்பல் அது. அந்த நேரத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்தவன் எந்தக் கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு படகில் ஏறியிருப்பான்? நனைந்த பருத்தித் துணியோடு திறந்த படகில் அட்லாண்டிக் குளிரில் உட்கார்ந்தால் எந்த நாட்டு உடம்பும் விறைத்துத்தான் போகும். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் லஸ்கருக்கு, அதாவது பிரிட்டிஷ் கப்பலில் வேலை பார்த்த நம் மாலுமிக்கு. அந்தக் கூலியில் கம்பளிச் சட்டை எங்கே வாங்குவது? பற்றாக்குறை இருந்தது துணியில். நீங்கள் அதை ரத்தத்தில் தேடுகிறீர்கள்.

அந்தப் படகு 13 நாள் கழித்துக் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை எட்டியது. கரையோர அலையில் கவிழ்ந்து, கடைசியில் பிழைத்தது ஒரே ஒருவர், இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ். படகைக் கடைசிவரை நடத்தியவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

போரில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் கப்பல் கப்பலாகப் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். இந்திய மாலுமிகள் அதில் இல்லை. போரில் செத்த அவர்களின் பெயர்கள், இந்தியக் கடற்படையினரோடு சேர்த்து ஏறத்தாழ 6500, மும்பையிலும் சிட்டகாங்கிலும் பதிவேட்டில் இருக்கின்றன.

சரி, கடுமையாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருப்பது மும்பையில். மஸ்ஜித் பந்தர் பக்கம் மாலுமிகள் இல்லத்தில்தான் அந்தப் பதிவேடு. ஒரு நாள் போய்க் கேட்டுப் பாருங்கள். இரண்டு பெயராவது எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.