தனுஷ்கோடிக்கு பிலிம் கேமராவோடு போகிறேன், மணலிலிருந்தும் உப்புக்காற்றிலிருந்தும் அதை எப்படிக் காப்பது?

கேமராவின் பின்கதவுக்குள் ஒரே ஒரு மணல் துகள் புகுந்து பிலிமை உரசினால் போதும், ரோல் முழுக்க நீளவாக்கில் கோடு விழும். டெவலப் செய்த பிறகுதான் அது தெரியும் என்பதுதான் கொடுமை. அதனால் கடற்கரையில் ரோல் மாற்றாதீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே மாற்றுங்கள். அப்போது கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் உள்ளே மெதுவாக ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிலிமுக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் திரையில் விரலே படக்கூடாது.

லென்ஸின் முன்னால் காப்புக் கண்ணாடியாக யூவி ஃபில்டர் இருக்கட்டும். அதிலும் முதலில் ஊதி, அப்புறம்தான் துணி; மணலோடு துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

உப்பு சத்தமில்லாமல் அரிக்கும். சாயங்காலம் அறைக்கு வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

ஏசி அறையா? காலையில் வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள், லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்கட்டும். பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடுங்கள்.

மதுரை வரை விமானம் என்றால் பிலிமைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டிக்கான எக்ஸ்ரே அதைக் கெடுத்துவிடும்.