பிரான்சஸ் ஆர்னால்டும் குருட்டாம்போக்கும்

வணக்கம். கால்டெக்கின் (கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின்) வேதிப் பொறியியல் பேராசிரியர் பிரான்சஸ் ஆர்னால்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நொதி எப்படி வேலை செய்கிறது என்று முழுதும் தெரியாமலே, மரபணுவைக் கண்டபடி மாற்றி, பலித்ததை வைத்துக்கொண்டதற்கு நோபல் பரிசா? குருட்டாம்போக்கில் செய்வது அறிவியல் ஆகுமா?
கே.

அன்புள்ள கே.,

இதே கேள்வியை அவருடைய துறையினரே அன்று கேட்டார்கள். கனவான்கள் இப்படிச் செய்வதில்லை என்றுகூடச் சொன்னார்களாம். தாம் விஞ்ஞானியும் அல்ல, கனவானும் அல்ல என்பதால் அது தமக்கு உறைக்கவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். 1979இல் பிரின்ஸ்டனில் இயந்திரப் பொறியியல் படித்து, சூரிய ஆற்றல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து, 1985இல் பெர்க்லியில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். (இளவயதில் டாக்சியும் ஓட்டியிருக்கிறார்.) பொறியாளருக்கு முதலில் வேண்டியது வேலை செய்யும் பொருள், விளக்கம் பிறகு வரலாம்.

ஆனால் நீங்கள் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். அவர் எடுத்துக்கொண்ட, புரதத்தைச் சிதைக்கும் சப்டிலிசின் நொதியில் 275 அமினோ அமிலங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 20 வகை வரலாம் என்றால், அத்தனை சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்க எவராலும் இயலாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சில மாற்றங்களை மட்டும் புகுத்தி, பால் புரதமும் டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானும் கலந்த தட்டில் மாற்றிய நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்களை வளர்த்து, எதைச் சுற்றிப் புரதம் சிதைந்து தெளிந்த வளையம் பெரிதாகத் தெரிகிறதோ அதையே அடுத்த சுற்றுக்கு வித்தாக எடுத்தார். 1993இல் வெளியான முடிவின்படி, 60 சதவீதக் கரைப்பானில் மூல நொதியைவிட 256 மடங்கு வேகமாகச் செயல்படும் நொதி கிடைத்தது. மாற்றம் குருட்டுத்தனமானதுதான்; எதைத் தேடுவது, எப்படி அளப்பது என்பது அப்படியல்ல. எதைச் சலிக்கிறாயோ அதுவே கிடைக்கும் என்பது இத்துறையில் வழங்கும் பேச்சு. 2018இன் வேதியியல் நோபலில் பாதி இந்தச் சல்லடைக்கும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

குருட்டாம்போக்கு என்ற சொல்லை அவர் வாழ்வில் வேறோர் இடத்தில் வேண்டுமானால் பயன்படுத்தலாம். 2019இல் அவர் குழு வெளியிட்ட ஒரு கட்டுரையின் முடிவுகள் மறுசோதனையில் கிடைக்கவில்லை. முக்கியச் சோதனைகளுக்கான பதிவுகளே ஆய்வுக் குறிப்பேட்டில் இல்லை. 2020 ஜனவரியில் கட்டுரையைத் திரும்பப் பெற்ற அவர், அப்போது வேலை மிகுதியாக இருந்ததாகவும் தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்றும் வெளிப்படையாக எழுதி மன்னிப்புக் கேட்டார்.