25 நாள் சம்பா பயிர், ஒரு போர்வெல், 12 மா நிலம்: வறட்சியில வயலையும் அடுப்படியையும் எப்படி ஓட்டுறது?

மன்னார்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். அவர் கேட்டதை சுருக்கி சொல்றேன். 12 மா நிலம் (மூணு மா சுமார் ஒரு ஏக்கர்), புரட்டாசி கடைசில ஆந்திரா பொன்னி நெல்லை காஞ்ச புழுதியில நேரா தெளிச்சிருக்கார், இப்ப 25 நாள் பயிர். முறை வெச்சு விடுறதால வாய்க்கால்ல தண்ணி கடைமடை வரைக்கும் ஏறல, ஐப்பசி முடியப்போகுது, உருப்படியா ஒரு மழை இல்ல. ஒரே ஒரு போர், அதுலயும் தண்ணி லேசா உப்பு கரிக்குது. வீட்டுல 5 பேர், 2 மாடு, போன வருஷ நெல்லு 10 மூட்டை கையில இருக்கு. பயிரை வெச்சுக்கலாமா விட்டுடலாமா, நெல்லை வித்து மளிகை வாங்கி போட்டுக்கவா, மாட்டை என்ன பண்றதுன்னு கேக்குறார்.

தம்பி, முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், 25 நாள் பயிர் வாடுறத பாத்து பயப்படாதீங்க. புழுதி நெல்லுக்கு இந்த வயசுல வறட்சி தாங்குற சக்தி உண்டு, இலை சுருண்டு மஞ்சளா நின்னாலும் ஒரு மழை கிடைச்சா பத்து நாள்ல துளிர்த்து தூர் கட்டிடும். பயப்பட வேண்டியது இப்ப இல்ல, தை மாசத்துல. அது எப்படின்னு பின்னாடி இருந்து எண்ணி பாருங்க, ஆந்திரா பொன்னி 145லருந்து 150 நாள், அக்டோபர் நடுவுல விதைச்சா அறுப்பு மார்ச் ரெண்டாவது வாரம். எந்த நெல்லா இருந்தாலும் பூத்ததுல இருந்து அறுக்க சுமார் 30 நாள், குருத்துக்குள்ள கதிர் உருவாக ஆரம்பிச்சதுல இருந்து பூக்க சுமார் 35 நாள். அப்போ உங்க பயிர்ல கதிர் உருவாகுறது ஜனவரி முதல் வாரம், பூக்குறது பிப்ரவரி முதல் ரெண்டு வாரத்துல. மேட்டூரை நல்ல வருஷத்துலயே ஜனவரி 28 அன்னிக்கு அடைச்சிடுவாங்க, வடகிழக்கு மழையும் அதுக்குள்ள ஓஞ்சிடும். ஆக பூக்குற நேரத்துல உங்களுக்கு போர் தண்ணி மட்டும்தான். கதிர் உருவாக ஆரம்பிச்சு பூத்து முடியுற அந்த 40 நாள்ல ஒரு வாரம் காஞ்சாலும் கதிர் வெளிய வரும், பாக்க பச்சையா இருக்கும், அடிச்சா முக்காவாசி கருக்காயா, அதாவது பதரா கொட்டும். நீங்க முடிவு எடுக்க வேண்டியது அந்த 40 நாளை கணக்குல வெச்சுத்தான், இப்ப கண்ணுக்கு தெரியுற வாட்டத்தை வெச்சு இல்ல.

சரி, போர் எத்தனை மாவுக்கு தாங்கும்னு எப்படி தெரிஞ்சுக்கறது? 200 லிட்டர் டிரம் ஒன்னு வெச்சு நிரம்ப எத்தனை செகண்டுன்னு பாருங்க. 40 செகண்டுன்னா மணிக்கு 18 ஆயிரம் லிட்டர். ஒரு மாவுல ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கணும்னா சுமார் 67 ஆயிரம் லிட்டர் வேணும், அதாவது மாவுக்கு கிட்டத்தட்ட நாலு மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் மும்முனை கரண்டு கிடைச்சு, நாலு நாளைக்கு ஒருதரம் சுத்தி வரணும்னா ஆறு மா. வாய்க்கால்ல ஊறி போறதையும் கழிச்சா அஞ்சு. அதனால போருக்கு கிட்ட இருக்குற, பள்ளமான அஞ்சு மாவை தேர்ந்தெடுத்து அதை மட்டும் நெல்லா காப்பாத்துங்க, மீதி ஏழு மாவை வானம் பாத்த பூமின்னு வெச்சுக்கங்க. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தினவங்கதான் 2016-17ல எல்லாத்தையும் விட்டாங்க, நான் அப்ப ஃபீல்டுல இருந்தேன், பக்கத்து வயல்காரர் நாலு மாவை மட்டும் பிடிச்சு நின்னு வீட்டுக்கு நெல்லு எடுத்ததையும் பாத்தேன்.

அந்த அஞ்சு மாவுலயும் எப்பவும் தண்ணி கட்டி வெக்கணும்னு இல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்றதுதான், ஒரு பிவிசி பைப்புல ஓட்டை போட்டு வயல்ல பதிச்சு வெச்சு, உள்ள தண்ணி மண்ணுக்கு அரை அடி கீழ போனதும் பாய்ச்சுங்க. ஆனா நம்ம களிமண்ணுல மயிரிழை வெடிப்பு வந்தா அதுதான் எல்லை, அதுக்கு மேல விட்டு விரல் நுழையுற வெடிப்பு ஆயிடுச்சுன்னா அப்புறம் ஊத்துற தண்ணியெல்லாம் பாதாளத்துக்கு போகும். பூக்கும்போது மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், அப்ப ரெண்டு அங்குலம் நிக்கணும். களை எடுத்துடுங்க, களை குடிக்குற தண்ணி பயிரோடது. காஞ்ச மண்ணுல யூரியா போடாதீங்க, ஈரம் வர வரைக்கும் மூட்டை கொட்டகையிலேயே இருக்கட்டும். வாட்டம் ரொம்ப இருந்தா லிட்டருக்கு 10 கிராம் பொட்டாஷ் கரைச்சு சாயங்காலமா இலைல தெளிக்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தோட பிபிஎஃப்எம் (வறட்சி தாங்க வைக்குற நுண்ணுயிர் கரைசல்) பாட்டில் கிடைச்சா அதுவும் தெளிக்கலாம், பூச்சி மருந்தோட கலக்க கூடாது. ரெண்டும் ஒரு பத்து நாள் தாங்க வைக்கும், மழைக்கு பதில் ஆகாது.

உப்பு கரிக்குதுன்னு சொன்னீங்களே, அதை சாதாரணமா விடாதீங்க. கடற்கரை பக்கம் வறட்சி வருஷத்துல எல்லாரும் மோட்டாரை ஓட விட்டா உப்பு உள்ள ஏறிக்கிட்டே வரும், நவம்பர்ல லேசா கரிக்குறது பிப்ரவரில வாயில வைக்க முடியாம போகலாம். ஒரு பாட்டில்ல பிடிச்சு மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க, செலவு ரொம்ப கம்மி. ரிசல்ட்ல இ.சி.ன்னு இருக்கும், தண்ணில எவ்வளவு உப்புன்னு காட்டுற அளவு அது, அது 2-க்கு மேல வந்தா அந்த அஞ்சு மா கணக்கையும் குறைச்சுக்கணும், ஏன்னா நெல்லுக்கு நாத்து பருவமும் பூக்குற பருவமும் உப்புக்கு ஆகாத பருவம்.

மீதி ஏழு மா. மார்கழி பாதி வரைக்கும் பொறுங்க. மழை வந்து பயிர் எழும்பினா அதிர்ஷ்டம். இல்லன்னா நெல்லை விட்டுட்டு தைப்பட்டத்துல உளுந்து போடுங்க, ஜனவரி 15லருந்து பிப்ரவரி 15 வரைக்கும் டைம் இருக்கு. நெல்லு 1200 மில்லிமீட்டர் தண்ணி கேக்குற இடத்துல உளுந்து 300-க்குள்ள முடிச்சுக்கும், 65-75 நாள் பயிர், நம்ம மண்ணுல இருக்குற ஈரமும் பனியும் பாதி வேலைய பாத்துக்கும். ஏ.டி.டி. 3, ஏ.டி.டி. 5 மாதிரி விதை இப்பவே சொல்லி வெச்சுடுங்க, தை மாசம் எல்லாரும் ஒரே நேரத்துல விதை டிப்போ வாசல்ல நிப்பாங்க.

ஆனா ஏரு ஓட்டுறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. இன்சூரன்ஸ் கட்டலன்னு எழுதியிருக்கீங்க, தம்பி இது தப்பு, இந்த வாரமே போய் கட்டுங்க, சம்பாவுக்கு வழக்கமா நவம்பர் 15 கடைசி, நீட்டிப்பாங்கன்னு நம்பி உக்காராதீங்க. விவசாயி கட்டுறது காப்பீட்டு தொகையில 1.5 சதவீதம்தான். அடங்கல், சிட்டா, பாஸ்புக், ஆதார். சர்வே நம்பர் ஒரு இலக்கம் மாறினாலும் அப்புறம் நடையா நடக்கணும், ரசீதை அங்கேயே நின்னு படிச்சு பாருங்க. இழப்பீடு உங்க வயலை பாத்து வராது, உங்க வருவாய் கிராமத்துல அறுவடை பரிசோதனை பண்ற வயல்களோட சராசரியை வெச்சுத்தான் வரும், அதனால பக்கத்து ஊருக்கு வந்து உங்க ஊருக்கு வராம போறதும் நடக்கும். பயிர் கருகி நிக்குறதை தேதியோட போட்டோ எடுத்து வெச்சு, விஏஓவும் வேளாண் அலுவலரும் பாத்து கணக்கு எடுத்த பிறகு உழுங்க.

2016ல வடகிழக்கு மழை தமிழ்நாட்டுக்கு சுமார் 440 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்துல 168 தான் வந்துச்சு, 62 சதவீதம் குறைவு, 1876-க்கு அப்புறம் அவ்வளவு மோசமா இல்லைன்னு சொன்னாங்க. 2017 ஜனவரில 32 மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சு, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபா நிவாரணம் குடுத்தாங்க. உழவு கூலிக்கும் விதைக்கும் கூட கட்டாத காசு அது, அந்த வருஷம் கொஞ்சமாவது நிமிந்தவங்க இன்சூரன்ஸ் கட்டியிருந்தவங்கதான். சொசைட்டி கடன் இருந்தா அதையும் பாருங்க, வறட்சி அறிவிச்சு 33 சதவீதத்துக்கு மேல பயிர் சேதம்னு கணக்கு வந்தா குறுகிய கால கடனை மத்திய கால கடனா மாத்திக்க வழி இருக்கு, கேட்டாதான் செய்வாங்க.

இப்ப அடுப்படி. 1876ல ஆரம்பிச்ச அந்த தாது வருஷ பஞ்சத்துல ஜனங்க செத்துக்கிட்டு இருந்தப்ப இந்தியாவுல இருந்து தானியம் கப்பல் ஏறிக்கிட்டு இருந்துச்சு, 2016ல அதே அளவு மழை பொய்ச்சும் அப்படி ஒரு பஞ்சம் வரல, அதுக்கு பெரிய காரணம் ரேஷன் அரிசி. அதனால அரிசியே கிடைக்காம போயிடுமோங்கற பயம் வேண்டாம். ஆனா வறட்சி சமையலறைக்குள்ள ஒரே நாள்ல வராது, பயிரோட வயசுக்கு தகுந்த மாதிரி வரிசையா வரும். கீரை 25-30 நாள் பயிர், அது முதல்ல ஏறும். கத்தரி, வெண்டை அடுத்த ஒன்னு ரெண்டு மாசத்துல. அப்புறம் பால், ஏன்னா பசுந்தீவனம் போயிடும். நெல்லு அறுப்பு முடிஞ்சு வரவு கம்மின்னு தெரிஞ்ச பிறகுதான் அரிசி விலை நகரும், அதுவும் ஆந்திரா, கர்நாடகா வரத்து எப்படி இருக்குன்னு பொறுத்து. சின்ன வெங்காயம் 2017 நடுவுல கிலோ 100 ரூபாய தாண்டினது ஞாபகம் இருக்கும், மழை பொய்ச்சு ஆறு மாசம் கழிச்சு வந்த அடி அது.

தேங்காதான் எல்லாத்துக்கும் கடைசி. பாளை வெடிச்சு தேங்கா முத்த ஒரு வருஷம் ஆகுது, அந்த பாளையோட கரு மரத்துக்குள்ள உருவாகுறது அதுக்கும் ரெண்டரை வருஷம் முன்னாடி. இந்த வருஷம் பட்ட தாகத்தை மரம் அடுத்த ரெண்டு மூணு வருஷம் காய்ப்புல காட்டும், மழை பேஞ்சு குளமெல்லாம் ரொம்பி நிக்குறப்ப கடையில தேங்கா விலை ஏறும், "அதான் மழை பேஞ்சிடுச்சே"ன்னு ஜனங்க கடைக்காரரோட சண்டை போடுவாங்க, பாவம் அவர் என்ன பண்ணுவார். கொல்லையில தென்னை நின்னா அடி மட்டை நாலஞ்சு வெட்டி, பாத்தியில ஆறு அடி சுத்தி அந்த ஓலையையும் தேங்கா மட்டையையுமே பரப்பி, பாத்திரம் கழுவுற தண்ணிய அங்க திருப்பி விடுங்க.

துவரம்பருப்புக்கும் உங்க ஊரு மழைக்கும் சம்பந்தமே இல்ல, அது மகாராஷ்டிரா, குல்பர்கா பக்கத்து மழை, இறக்குமதி இதெல்லாம் முடிவு பண்றது. 2014, 2015 ரெண்டு வருஷம் அங்க பொய்ச்சப்ப, நம்ம பக்கம் வெள்ளம் வந்த அதே 2015 கடைசில பருப்பு கிலோ 200 ரூபா போச்சு. அதனால பீதியில மூட்டை பருப்பு வாங்கி வண்டு புடிக்க விடாதீங்க, ரேஷன் பருப்பை தவறாம வாங்கினா போதும்.

நீங்க பதுக்க வேண்டியது உங்க நெல்லைத்தான். 5 பேருக்கு மாசம் 35 கிலோ அரிசி, கார்டுக்கு 20 வருதுன்னு வெச்சுக்கிட்டா 15 கிலோ கையில இருந்து வேணும். இந்த சம்பா போய், அடுத்த குறுவை வர வரைக்கும் 11 மாசம், 165 கிலோ அரிசி, நெல்லா பாத்தா 250 கிலோ சொச்சம். அதாவது 60 கிலோ மூட்டைல அஞ்சு. அதோட முளைப்பு சோதிச்சு விதைக்குன்னு ரெண்டு மூட்டை தனியா. 100 நெல்லை ஈர சாக்குல சுருட்டி வெச்சு 80 முளைச்சா விதைக்கு ஆகும், இல்லன்னா அதையும் சாப்பாட்டு கணக்குல சேத்துக்கிட்டு விதைய டிப்போல வாங்கிக்கங்க. வறட்சிக்கு அடுத்த வருஷம் விதை நெல்லுக்குத்தான் அடிதடி. மீதி மூணு மூட்டைய இப்ப விக்காதீங்க, மாசி வரைக்கும் வெச்சிருங்க.

கடைசியா மாடு. ரெண்டுல ஒன்னு வத்துக்கறவை, பால் வத்திப்போனதுன்னு எழுதியிருக்கீங்க. சம்பா போனா நெல்லு மட்டும் இல்ல, வைக்கோலும் போகும், அப்ப ஊர்ல எல்லாரும் ஒரே மாசத்துல சந்தைக்கு ஓட்டிட்டு போவாங்க, கேக்குற விலைக்கு குடுத்துட்டு வரணும். விக்கிறதா இருந்தா வத்துக்கறவைய இப்பவே குடுத்துடுங்க, கறக்குற மாட்டை வெச்சுக்கங்க, ரெண்டு மாட்டு தீவனத்தை ஒன்னுக்கு போடலாம். இருக்குற பழைய வைக்கோலை 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணில கரைச்சு அடுக்கடுக்கா தெளிச்சு, தார்ப்பாய் போட்டு காத்து புகாம மூடி 21 நாள் கழிச்சு, கொஞ்ச நேரம் ஆற விட்டு குடுத்தா சத்து கூடும். யூரியாவ நேரா தண்ணித் தொட்டில கலக்கிடாதீங்க, மாடு செத்துடும், கன்னுக்குட்டிக்கும் இந்த வைக்கோல் வேண்டாம். இன்னொன்னு, தீவனத்துக்குன்னு சோளம் தெளிச்சிருந்தா அது வாடி முழங்கால் உயரத்துல நிக்குறப்ப மாட்டை உள்ள விடவே கூடாது, இளஞ்சோளம் வாடினா அதுல சயனைடு விஷம் ஏறும், பூ எடுத்த பிறகுதான் அறுத்து போடணும். மேஞ்சுட்டு மாடு மூச்சு வாங்கி தள்ளாடினா கை வைத்தியம் பாத்துக்கிட்டு நிக்காம உடனே டாக்டரை கூப்பிடுங்க, ஊசி இருக்கு, ஆனா மாடு அரை மணி நேரம் கூட தாங்காம போகலாம்.

தண்ணி டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் இ.சி. எவ்வளவுன்னு எழுதுங்க, அஞ்சு மாவா மூணு மாவான்னு அதுக்கப்புறம் சொல்றேன்.