பென்சன் எடுத்த பிறகு எதை முதலில் செய்வது?

"60 வயதில் பென்சன் எடுத்துவிட்டேன், பிள்ளைகள் வெளிநாட்டில், நான் யாழ்ப்பாணத்தில். மிச்சக் காலத்தை வீணாக்காமல் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கால், கண், காது, நினைவு எல்லாம் ஒரேநாளில் தளர்வதில்லை. செய்ய ஆசைப்படுகிற ஒவ்வொன்றுக்கும் இவற்றில் எது வேண்டும் என்று பாருங்கோ. கால் வேண்டிய வேலைகளை முதலில் முடியுங்கோ. நெடுந்தீவுப் பயணத்தை 75க்குத் தள்ளிவைத்தால் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே அந்த ஆசை நின்றுவிடலாம். ஆடுகிற படகுக்குள் ஒரு காலை எடுத்து வைக்கும்போது முழுப் பாரத்தையும் மற்றக் கால்தான் தாங்க வேண்டும். கீரிமலைக் கேணியின் ஈரப் படியும் அப்படித்தான். வாசிப்பு காத்திருக்கும், படகு காத்திராது.

கால் பலத்தை வீட்டிலேயே அளக்கலாம். கைபிடி இல்லாத கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கோ. இருக்கை ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் நல்லது. கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 வினாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழும்ப முடிகிறது என்று எண்ணுங்கோ. 60–64 வயதில் ஆணுக்கு 14க்கும் பெண்ணுக்கு 12க்கும் குறைந்தால் பலம் சராசரிக்குக் கீழே. கையை ஊன்றி எழும்பினால் கணக்குப் பூச்சியம். குறைவாக வந்தால் இதையே பயிற்சியாக்குங்கோ: 8 முதல் 10 தரம், சற்று ஆறி இன்னொரு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கோ.

பலர் பிழைவிடுவது இங்கேதான். விடிய எழும்பி நடக்கிறோமே, போதாதா என்பார்கள். கிழமைக்கு 150 நிமிட நடை கட்டாயம் வேண்டும், ஆனால் சமதரையில் நடப்பது தொடைத் தசையைப் பெரிதாக வளர்க்காது. சாப்பாடும் கைகொடுக்க வேண்டும். இரவில் இடியப்பமும் சம்பலும் மட்டும் என்றால் தசைக்குப் பெரிதாக எதுவும் போகாது; ஒரு முட்டையோ மீனோ பருப்போ சேருங்கோ. 60 கிலோ எடைக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

காணி அலுவலையும் கால் இருக்கும்போதே பாருங்கோ. காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து போனில் வீடியோ எடுங்கோ: வேலி, எல்லைக்கல், வழிவாய்க்கால், கிணற்றுப் பங்கு. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு உறுதியில் எழுதியிருப்பது நிலத்தில் எது என்று தெரியாது. மரணசாசனம் எழுதுவதென்றால் மனம் தெளிவாக இருக்கும்போதே நொத்தாரிசிடம் போங்கோ. சட்டம் அந்தத் தெளிவைத்தான் பார்க்கும்.

நினைவு விஷயத்தில் உங்களுடையது பிறகு. 80 தாண்டிய பெரியம்மா, மாமா யாரும் இருந்தால் இந்தக் கிழமையே போங்கோ. விடியப் பத்து மணிக்கு முன் அவர்கள் களைக்காமல் கதைப்பார்கள். அரை மணித்தியாலம் ஒலிப்பதிவு செய்தால் போதும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவர்கள் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், மடித்த துவாயின் மேல் வையுங்கோ. காற்றாடியை நிற்பாட்டுங்கோ, பதிவுகளைக் கெடுப்பது அந்தச் சத்தம்தான். முதலில் திகதி, பெயர், ஊர் சொல்லுங்கோ. "உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்றுதான் பதில் வரும். "இந்தக் கிணத்தில துலா மிதிச்சது ஆர்? பட்டை எங்க வாங்கினது?" என்று கேளுங்கோ (துலா என்பது தண்ணி இறைக்க ஆள் மிதிக்கும் நீள மரம், பட்டை தண்ணி அள்ளும் ஓலைப் பாத்திரம்). பொருளைப் பிடித்தால் ஆட்கள் தாமாக வருவார்கள்.

பழைய படங்களை விறாந்தை நிழலில், பிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கோ. பின்பக்கத்தில் பேனை வேண்டாம், மை ஊறி முன்னுக்கு வரும்; மென்மையான பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கோ. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது, ஒரே பிரதியை ஒரே அலுமாரியில் வைத்திராதேங்கோ. ஒன்று பிள்ளையிடம் போகட்டும். ஊர் மலர், கையெழுத்துப் பிரதி போன்றவை இருந்தால், 2005 முதல் இணையத்தில் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் கேட்டுப் பாருங்கோ.