குழுச் சுற்றுலாவில் வெளிநாடு போய்த் திரும்பியவர்களுக்கு: கொடுத்த பணம் தகுமா? தனியாகவே போயிருக்கலாம் என்று தோன்றியதா?

தகும். ஆனால் விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்த இடங்களுக்காக அல்ல.

நான் ராயபுரத்துக்காரன். சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற கன்டெய்னர் பெட்டிகளின் எண்களையும், பூட்டின் மேல் உள்ள ‘சீல்’ முத்திரையையும் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வேலை. பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பினேனே தவிர, நான் எங்கும் போனதில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் மனைவியோடு மலேசியா, சிங்கப்பூர் கிளம்பினேன். குழுவில் பெரும்பாலோர் எங்கள் பக்கத்து ஆட்கள்: தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர்.

குழுவில் போனால் நேரம் உங்கள் கையில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குப் பாதி எரிச்சல் குறையும். பத்துமலைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். 272 படிகள் ஏறி, கும்பிட்டு, இறங்கி, 42.7 மீட்டர் உயர முருகன் சிலை தலை முதல் கால் வரை படத்தில் விழும் இடம் தேடிப் பின்னால் நடந்துகொண்டே இருந்ததில் நேரம் தீர்ந்தது. திருவொற்றியூர்ப் பெரியம்மா ஒருவர் மட்டும் ஏறவே இல்லை. கீழே நிழலில் உட்கார்ந்து, அங்கு வந்திருந்த ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பத்தோடு பேச ஆரம்பித்தார். தாத்தா எந்த ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்பதில் தொடங்கி, மகளுக்கு வரன் பார்ப்பது வரை விசாரித்து முடித்துவிட்டார். மூச்சு வாங்க இறங்கி வந்த எங்களைவிட அவர்தான் மலேசியாவை அதிகம் பார்த்தார் என்பது என் கட்சி.

அடுத்து ஒரு சாக்லேட் கடை. அதற்கும் கிட்டத்தட்ட அதே ஒரு மணி நேரம்! முருகனுக்கும் சாக்லேட்டுக்கும் சம பங்கு. இப்படிப்பட்ட கடைகளில் அழைத்து வருகிறவர்களுக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த செய்தி.

குழுவின் அருமை தெரிந்தது எல்லையில்தான். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், பஸ் பயணம். சிங்கப்பூருக்குள் நுழையும்போது எல்லாருடைய பெட்டிகளையும் இறக்கிச் சோதனைக்கு இழுத்துப் போக வேண்டும். பெரம்பூர்ப் பையன்கள் இருவர் யாரும் கேட்காமலே வயதானவர்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதற்கு முன் பஸ்ஸில் ஓர் அறிவிப்பு: மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை, வைத்திருப்பவர்கள் இங்கேயே போட்டுவிடுங்கள். தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர் வழியோரக் குப்பைத்தொட்டி அருகில் நின்று, பொட்டலத்தைப் போடுவதற்கு முன் இரண்டு முறை பிரித்துப் பார்த்தார்.

எனக்கான இடம் பயணத் திட்டத்தில் பெயர்கூட இல்லாமல் இருந்தது. ஃபேபர் மலையிலிருந்து செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் கெப்பல் துறைமுகத்துக்கு மேலே கடலைத் தாண்டுகிறது. மற்றவர்கள் தீவின் பக்கம் பார்த்துப் படம் எடுத்தார்கள். நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வரிசையாகக் கிரேன்கள், அடுக்கடுக்காகப் பெட்டிகள். சிங்கப்பூரில் கன்டெய்னர் முனையம் திறந்தது 1972-இல். நம் சென்னைக்கு வந்தது 1983-இல். இவ்வளவு பெட்டிகள் இருந்தும் வாயிலில் லாரி வரிசை கிடையாதா என்று முதலில் குழம்பினேன். எண்ணூர் விரைவுச் சாலையில், சென்னைத் துறைமுகத்தின் வாயிலான ஜீரோ கேட்டுக்காக டிரெய்லர் லாரிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண் இது. பிறகுதான் உறைத்தது. அங்கே பெரும்பகுதிப் பெட்டிகள் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறுகின்றன. ஊருக்குள் வருவதே இல்லை. நான் ராயபுரத்தில் சீல் பார்த்து அனுப்பியவற்றில் எத்தனையோ இந்த இடத்தில்தான் பெரிய கப்பலுக்கு மாறியிருக்கும். மனைவியிடம் சொன்னேன். “இங்கேயும் வேலைதானா?” என்றார். அந்த முனையங்களையும் மேற்கே துவாஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், 2027 வரை கெடு. பார்க்க நினைக்கும் துறைமுகக்காரர்கள் தாமதிக்க வேண்டாம்.

இறங்கியதும் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, தன் சித்தப்பா ‘சிதம்பரம்’ கப்பலில் சிங்கப்பூர் போனவர் என்றார். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஓடிய பயணிகள் கப்பல் அது. 1985 தீ விபத்தோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. சித்தப்பா நாள் கணக்கில் கிடந்து கடந்த கடலை நாங்கள் விமானத்தில் ஒரு தூக்கத்தில் தாண்டியிருந்தோம். தனியாகப் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கு ஆள் ஏது?

கடைசி இரவு முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடை. ஆளுக்கு ஒரு கூடை நிறையக் கோடாலித் தைலம் வாங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கிடைக்காததா? கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் “சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தேன்” என்று நீட்ட முடியாதே. நானும் வாங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டும் முன் எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். ஒரு பிற்பகலாவது முழுதாக விட்டுவைத்திருக்கும் திட்டமாகப் பார்த்துச் சேருங்கள். அதற்காக ஒரு கேளிக்கைப் பூங்கா குறைந்தாலும் நட்டமில்லை. சுற்றுலாக் கட்டணத்தோடு டி.சி.எஸ். என்று, முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.