ராக் இசைக்குழுவையும் தனிப்பாடகரின் பக்கவாத்தியக்காரர்களையும் வேறுபடுத்துவது எது?

ஓர் உறுப்பினர் விலகினால் என்ன ஆகிறது என்று பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். 1980-இல் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாம் இறந்தபோது, லெட் செப்பலின் குழுவின் மற்ற மூவரும் வேறொருவரை அமர்த்திக்கொள்ளாமல், அதே ஆண்டு டிசம்பரில் குழுவையே முடித்துக்கொண்டார்கள். தனிப்பாடகரான டேவிட் போவியோ 1970-களில் தம்முடன் வாசித்தவர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒலி மாறினாலும் அது போவியின் இசையாகவே அறியப்பட்டது.

பக்கவாத்தியக்காரர் பெரும்பாலும் ஊதியத்துக்கு வாசிப்பவர். குழு உறுப்பினருக்கோ ஆக்கத்திலும் முடிவெடுப்பதிலும் பங்கு உண்டு. ஆர்.ஈ.எம். குழுவினர் தங்கள் பாடல்களை நால்வர் பெயரிலும் வெளியிட்டது இதனால்தான் என்பேன்.

என் மனத்துக்கு நெருக்கமான சான்று 'தி பேண்ட்' என்னும் குழு. முதலில் பாடகர் ரானி ஹாக்கின்ஸுக்கும், பிறகு பாடகர் பாப் டிலனுக்கும் பின்னால் நின்று வாசித்த இவர்கள், 1968-இல் தங்கள் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் டிரம்ஸ் வாசித்த லெவான் ஹெல்ம், பேஸ் கிட்டார் வாசித்த ரிக் டாங்கோ, பியானோ வாசித்த ரிச்சர்ட் மானுவல் மூவருமே முதன்மைக் குரலாகவும் பாடினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் குரல் எழும்போது, யார் தலைவர், யார் துணை என்று செவியால் பிரிக்கவே முடிவதில்லை.