சட்டம் படிக்காமல் டர்பனில் சுற்றுச்சூழல் சட்டம்: ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நகரத் திட்டமிடல் முதுகலையில் சேர்ந்திருக்கிறீர்கள். சுற்றுச்சூழல், திட்டமிடல் சட்டத்தை விருப்பப்பாடமாக எடுத்திருக்கிறீர்கள். வகுப்பில் பாதிப் பேர் சட்டம் படித்தவர்கள் என்பதால், அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா, பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். விட வேண்டாம். நானும் திருச்சியில் பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்தவன்தான். இந்தச் சட்டங்களை வைத்துத்தான் இத்தனை காலமாகப் பிழைக்கிறேன்.

முதலில் ஒன்று: சட்டப் புத்தகத்தை முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தை, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் 'நேமா'வை, அப்படிப் படித்தவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் போனால், நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து கரும்பு வெட்டிய நிலங்கள் வீட்டுமனைகளாகி வருவது தெரியும். வேலியில் எங்கேயாவது ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். அது குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 42 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. என்ன கட்டப் போகிறார்கள், எந்த விதியின் கீழ் விண்ணப்பம், உங்கள் கருத்தை யாருக்கு அனுப்புவது எல்லாம் அதில் இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பாடம் அதுதான்.

இப்போது அந்த ஒரு வயலை வைத்துக்கொண்டு, யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். விவசாய நிலத்தைக் கூறுபோட 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாய அமைச்சரின் சம்மதம் வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி மாகாண அரசின் துறையிடம். ஓடையையோ சதுப்பையோ தொட்டால் 1998-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி தனி உரிமம். நில உபயோக மாற்றம் டர்பனை ஆளும் எதெக்வினி மாநகராட்சியிடம். அங்கே பழைய கட்டடம் ஏதாவது நின்று, அதற்கு 60 வயது தாண்டியிருந்தால், மரபுச் சின்னத் துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. நம்மவர்கள் கட்டிய பழைய கோயில்களில் பலவற்றுக்கும் இது பொருந்தும். கோபுரத்தைப் புதுப்பிக்க நினைக்கும் நிர்வாகக் குழுக்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் எவ்வளவோ நல்லது. இப்படி ஒரு வயலைச் சுற்றினாலே ஐந்து சட்டங்களின் வாசல் திறந்துவிடும்.

'இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு?' என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். 2010-இல் ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி, கவுடெங் மாகாணத்தின் வளர்ச்சித் தீர்ப்பாயத்துக்கு எதிராக அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் வென்றது. நில உபயோகத்தை மாற்றித் தருவது 'நகராட்சித் திட்டமிடல்'. அது நகராட்சியின் வேலை, மாகாணத் தீர்ப்பாயம் செய்யக் கூடாது என்றது தீர்ப்பு. அதன் பிறகு வந்ததுதான் 2013-ஆம் ஆண்டின் இடம்சார் திட்டமிடல், நில உபயோக மேலாண்மைச் சட்டம், சுருக்கமாக 'ஸ்ப்லூமா'. 2015 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பைப் படித்துவிட்டுச் சட்டத்தைத் திறந்தால், ஒவ்வொரு பிரிவும் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது தானாகவே விளங்கும்.

நீங்கள் படிக்க வேண்டிய முதல் தீர்ப்பு, 2007-இல் வந்த எரிபொருள் விற்பனையாளர் சங்க வழக்கு. மபுமலாங்கா மாகாணத்தின் ஒயிட் ரிவர் ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் கட்ட அனுமதி தந்தார்கள். 'இன்னொரு பங்க் தேவையா' என்பதை நகராட்சி ஏற்கெனவே பார்த்துவிட்டது என்று சொல்லி, சுற்றுச்சூழல் துறை அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. அது தவறு என்றது அரசியல் சாசன நீதிமன்றம். சமூக, பொருளாதார விளைவுகளையும், ஏற்கெனவே இருக்கும் பங்க்குகளோடு சேர்ந்து வரும் மொத்த விளைவையும் சுற்றுச்சூழல் துறை தானே எடைபோட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. உங்கள் பாடத்தின் இரண்டு பாதிகளும் ஒரு பெட்ரோல் பங்க்கில் சந்திக்கின்றன. படிக்கும்போது முதலில் நடந்த கதையை மட்டும் படியுங்கள். பிறகு கடைசிக்குப் போய் உத்தரவைப் படியுங்கள். நடுவில் உள்ள வாதங்களுக்கு மூன்றாவதாக வாருங்கள். நீதிபதி சாக்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் விட்டுவிடாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் சாஃப்லி இணையதளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கு டர்பனில் உள்ள மெரிபேங்க் போய் நடந்து பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் யார் எங்கே வாழலாம் என்று தோல் நிறத்தை வைத்துக் கோடு போட்டது. கேட்டோ மேனரிலிருந்து பிடுங்கப்பட்ட நம் குடும்பங்கள் பல சாட்ஸ்வொர்த்துக்குப் போயின. மெரிபேங்க் மக்களோ இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே வாழ்ந்தார்கள். அங்கே ஒரு தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, ஆஸ்துமா மிக அதிகம் என்று காட்டியது. அந்தக் கோடுகளைப் போட்டதும் திட்டமிடல் சட்டம்தான். உடல்நலத்துக்கோ நல்வாழ்வுக்கோ கேடு செய்யாத சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அரசியல் சாசனத்தின் 24-ஆவது பிரிவு ஏன் சொல்கிறது, ஸ்ப்லூமாவின் கொள்கைகளில் 'இடம்சார் நீதி' ஏன் முதலில் நிற்கிறது என்பதெல்லாம் அந்தத் தெருக்களில் புரிவதுபோல் வகுப்பறையில் புரியாது. எனக்கு இந்தப் பாடத்தின்மேல் பற்று வந்ததும் அங்கேதான்.

நம் ஊர் அறிவும் உங்களுக்குக் கைகொடுக்கும். இந்தியாவில் தூய சூழலுக்கான உரிமையை உயிர்வாழும் உரிமையான 21-ஆவது பிரிவுக்குள் நீதிமன்றங்கள் கண்டெடுத்தன. இங்கே அது நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டு வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்', 'முன்னெச்சரிக்கை' என்ற இரண்டு கொள்கைகளும் நேமாவின் 2-ஆவது பிரிவில் இருக்கின்றன. ஒப்பிட்டு எழுதினால் கட்டுரை கனமாக இருக்கும்.

சட்ட மாணவர்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். அரசின் முடிவை எதிர்க்கும் வழக்குகளில் பெரும்பாலும் எழும் கேள்வி, முடிவெடுத்தவர் கவனிக்க வேண்டியதைக் கவனித்தாரா என்பது. 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் அதைச் சொல்கிறது. சரிவை வெட்டினால் மழைநீர் எங்கே போகும், மண் தாங்குமா, வடிகால் போதுமா என்பதை அறிக்கையில் பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் நீங்கள். பிரிவு எண்ணை அவர்களிடம் கேளுங்கள், வெள்ள வரைபடத்தை அவர்களுக்கு நீங்கள் விளக்குங்கள். இப்படிப் பழகியவர்கள்தான் பிறகு அலுவலகங்களிலும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

காலக்கெடுவில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். நிர்வாக முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கத் தாமதம் கூடாது, 180 நாட்களைத் தாண்டக் கூடாது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதிகளில் நாள் எண்ணும்போது டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை கணக்கில் வராது. தேர்வில் இதைக் கேட்பார்கள். வேலையிலும் இதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

மேலே படிக்க ஆசை வந்தால், சட்டப் பட்டம் இல்லாதவர்கள் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சட்டத்தில் எம்ஃபில் செய்ய வழி இருக்கிறது. வேலைக்கு என்றால், திட்டமிடுநருக்கு, அவர்களுக்கான மன்றமான சாக்பிளானில் பதிவு. சுற்றுச்சூழல் மதிப்பீட்டாளராக விண்ணப்பங்களைக் கையாள, அவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஈயாப்சாவில் பதிவு கட்டாயம். இந்தியப் பட்டத்தை, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் சாக்கா அமைப்பிடம் கொடுத்து மதிப்பிட்டு வாங்க வேண்டும். அதற்குக் கோவையிலிருந்து சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும் தேவைப்படும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அசல்களைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.